சஹனில் வைக்க ஒரு வலது கை

"...மத்ததெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறேன், நீங்க வாயை மட்டும் திறங்க. கையைப் பத்தி இப்ப யாரும் உங்கட்ட கேக்கல்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி சோற்றை என் வாயருகே கொண்டுவந்தாள் என் மனைவி சுபைதா.

அந்தக் கட்டிலில் தெளிவாக நான் கண்ட முதல் காட்சி அந்தப் பிடிதான். அதற்குப் பின்னால் அவள் முகம். அதற்கும் பின்னால் ஆஸ்பத்திரிச் சன்னல். ஹந்தானை மலை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. மூன்று நாளாக மலை இல்லையாம். மூன்று நாளாக நானும் இல்லையாம். இரண்டு பேரும் எங்கே போயிருந்தோம் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். பருப்பும் கருவாட்டுப் பொரியலும்.

குணமான பிறகு பல பேர் கேட்டார்கள், "எப்படி ஈந்திச்சு நானா?" என்று. எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகப் போய்விட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிட உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல நான். கண்டியில் புடவைக்கடைக்கு வரும் துணிப் பொதிகளைச் சுற்றியிருக்கும் பழைய பத்திரிகைகளைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டியவன். மற்றபடி மனிதர் பேச்சுத்தான் எனக்குப் புத்தகம். யார் என்ன சொன்னார் என்பது மறக்காது. எந்தத் தேதியில் என்பதுதான் நிற்காது.

நோய் வந்தது கடையில். தெல்தெனியவிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு வொயில் துணி அளந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது கெஜத்தில் அளவுகோல் கீழே விழுந்தது. "முதலாளி, கோல் விழுந்திட்டு" என்றாள் அவள். நானும் கோலைப் பார்த்தேன். எடுக்கச் சொல்லிக் கையிடம் சொன்னேன். கை கேட்கவில்லை. வலி ஏதும் இல்லை. யாரோ விளக்கின் திரியை மெல்ல மெல்லக் கீழே இறக்குவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அளந்த துணி தண்ணீர்போல மேசையிலிருந்து வழிந்து என் காலடிக்கு வந்தது. நான் அதன்மேல் படுத்துக்கொண்டேன்.

பாரிசவாதம் என்றார் டொக்டர். ஆஸ்பத்திரியில் அவர் செய்த சோதனைகளைச் சொல்கிறேன், கேட்பவர்கள் பயப்படாமல் இருக்கட்டும். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்கள். கால் தானாக உதைக்கும். குண்டூசியால் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்பார்கள். ஒரு சாவியை எடுத்து உள்ளங்காலில் குதியிலிருந்து மேலே கோடு இழுப்பார்கள். நல்ல காலில் பெருவிரல் கீழே மடங்கும். என் வலது காலில் அது கோழி கழுத்தை நிமிர்த்துவதுபோல மேலே நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் டொக்டர் "ம்" என்றார். அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் பயந்தேன். முதுகெலும்பின் நடுவே ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அன்று முழுவதும் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். பிறகு ஒரு நாள் அவரே கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். மூளைக்குள் மயிர்போல ஓர் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது. அது நனைத்துக்கொண்டிருந்த துண்டு காய்ந்துபோயிற்று. வலது கைக்குக் கட்டளை போவது அந்தத் துண்டிலிருந்து. பக்கத்து நிலம் அந்த வேலையைப் பழகிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மருந்து இதற்குக் கொஞ்சந்தான் செய்யும்.

நாக்குத் தடிப்பு ஒரு வாரத்தில் போயிற்று. "அல்லாஹ் முதல்ல அதைத் திருப்பித் தந்தது நல்லம், இல்லாட்டி நீங்க வெடிச்சிருப்பீங்க" என்றாள் சுபைதா. கால் மூன்று வாரத்தில் இழுத்து இழுத்து வந்தது. கைதான் வரவில்லை.

பகல் மயக்கத்தில் எனக்கு ஒரே கனவு. கை மட்டும் எழுந்து, சட்டைக் கை மடிப்பை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போகும். குளக்கரை வழியாக நடக்கும். புத்தர் பல் இருக்கும் மாளிகாவையின் பூசைத் தவில் கேட்கும்போது ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு கடையில் ஏறி உட்கார்ந்து துணி அளக்கும். யாரும் அதனிடம் "மத்த ஆள் எங்கே?" என்று கேட்கமாட்டார்கள். அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று பார்த்துக்கொண்டு நான் கட்டிலில் கிடப்பேன். விழித்தால் போர்வைமேல் ஒரு கை இருக்கும். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல.

கையில் எனக்கு என்ன அவசரம் என்று சொல்ல வேண்டும். என் மூத்தவள் நஸீராவுக்கு அக்குறணையில் பேசி முடித்திருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். மாப்பிள்ளையின் வாப்பா ஹாஜியார், மிளகு வியாபாரம், கனிந்த மனிதர். நிக்காஹ் அன்று பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு முடியாவிட்டால் என் இடத்தில் நின்று சொல்லிக் கொடுக்க என் தம்பியை வக்கீலாக வைக்கலாம். மார்க்கத்தில் வழி உண்டு. ஆனால் அதற்குப் பிறகு சஹன் வைப்பார்களே, ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் குவித்து ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுவது, அங்கே பெண்ணின் வாப்பா மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மட்டும் போதாது. கோழியைத் தன் கையால் பிய்த்துச் சம்பந்தி பக்கம் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு வக்கீல் இல்லை. இடது கையை ஆறு பேர் தின்னும் தாம்பாளத்தில் வைக்கவும் முடியாது.

"உங்களுக்குத் தனியா அறையில ஒரு மேசை போட்டுத் தாறேன்" என்றாள் சுபைதா. "நான் வந்து ஊட்டிவிட்டுப் போறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஊருக்கே தெரியும். பெண்ணுட வாப்பா எங்கேண்டு கேப்பாங்க. அறைக்குள்ள தொட்டில்ல ஈக்கிறாங்கண்டு செல்லுவியா?"

அவள் சிரித்தாள். பிறகு திரும்பிப் போய்த் திரைத்துணியில் முகத்தைத் துடைத்தாள்.

ஆறாவது வாரம் டொக்டர் என்னைப் பின் வராந்தாவுக்கு அனுப்பினார். அங்கே உட்கார ஒரு நீளமான மர வாங்கு, பிரம்புக் கட்டு, களிமண் வாளி, நூல் உருண்டைகள். ஐம்பது வயதுப் பறங்கிப் பெண் ஒருவர் வெள்ளைக் கவுணோடு நடுவில் நின்றார். பெரிய யுத்த காலத்தில் சீமையில் இருந்தவராம். கை கால் போன சோல்ஜர்களுக்கு அங்கே கூடை பின்னவும் மரம் சீவவும் கொடுத்துத்தான் தேற்றினார்களாம். வேலையையே மருந்தாகக் கொடுக்கும் வைத்தியம். அதைக் கற்றுக்கொண்டு வந்தவர். நோயாளிகள் எல்லாரும் அவரை வேலை மிஸ்ஸி என்றார்கள்.

புதிதாக வந்தவர் யாரானாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "காலையில எழும்பினதும் என்ன செய்வீங்க?"

இதே கேள்விக்கு அந்த வாங்கில் நான் கேட்ட பதில்களைச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போன ஏழு வயதுச் சிங்களச் சிறுமி ஒருத்தி, "விளையாடுவேன்" என்றாளாம். மிஸ்ஸி சோக்கட்டியால் தரையில் கட்டம் கீறிப் பாண்டி ஆட விட்டார். இது வைத்தியமா என்று நேர்ஸ் ஒருவர் முணுமுணுத்தபோது, "அவளுக்கு இதுதான் உத்தியோகம்" என்றார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ராக்காயிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மழையில் சறுக்கி விழுந்து முன்கை முறிந்து, எலும்பு கூடியும் விரல்கள் மடங்காமல் வந்தவள். தோட்டத்து லய வீட்டில் கைக்குழந்தை. "எழும்பினதும் புள்ளையப் புள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்கு ஓடுவேங்க" என்றாள். மிஸ்ஸி தோட்டத்திலிருந்து தேயிலைக் கிளைகளையே வரவழைத்துக் கம்பில் கட்டினார். இரண்டு இலையும் ஒரு மொட்டும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே. ராக்காயி கிள்ளிக்கொண்டே கேட்பாள்:

"மிஸ்ஸி, இன்னைக்கு எனக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் பேர்தான் போடுவார்கள்.

"கால் பேர்."

"எங்க கங்காணியே தேவலைங்க."

வாங்கின் அந்தக் கோடியில் எழுபது வயது யாழ்ப்பாணத்தார் ஒருவர், பென்சன் எடுத்த ரெயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். இடுப்பு முறிந்து பொருந்தியவர், விரல்களும் நடுங்கும். மிஸ்ஸியின் கேள்விக்கு அவர் சொன்ன பதில் வேறு. "எனக்கு இனி ஓட்டம் வேண்டாம் பிள்ளை. என்ரை வேட்டியை நானே கட்டவேணும். மருமேள் வந்து கட்டிவிடுறாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுறாள், நானும் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன்." மிஸ்ஸி ஒரு தலையணையைத் தூணில் கட்டி அதற்கு வேட்டி கட்டிப் பழகவிட்டார். அவர் குனியமுடியாத இடத்தில் குனியச் சொல்லவில்லை. உயரமான ஸ்டூல் ஒன்றைச் செய்வித்தார். ஆளைத் திருத்தமுடியாத இடத்தில் கதிரையைத் திருத்துவது அவர் வழக்கம். சின்னப் பிள்ளைக்கு வளரவேண்டும், ராக்காயிக்குப் பிழைக்கவேண்டும், பெரியவருக்கு மானத்தோடு இருந்தால் போதும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாங்கில் உட்கார்ந்திருந்தால் தானாகத் தெரிந்தது.

என்னிடம் கேட்டபோது நான் "கடை திறப்பேன்" என்றேன். அதுதான் ஆண்பிள்ளை சொல்லக்கூடிய பதில் என்று நினைத்தேன். மிஸ்ஸி பிரம்பு தந்தார். இடது கை பின்ன, வலது கை கூடையை அமத்திக்கொண்டு கிடந்தது, கல்லுப்போல. இரண்டு வாரம் போயிற்று. மழைச் சாரல் வராந்தாவுக்குள் வந்து வந்து போகும். பிரம்பு நனைந்த வாசனையில் பாதித் தூக்கமாக இருக்கும். நான் பின்னுகிறேனா, என்னைப் பின்னுகிறார்களா என்று தெரியாது.

பிறகு ஒரு மத்தியானம் மிஸ்ஸி என் முன்னே ஒரு பீங்கானில் கஞ்சி வைத்து, இடது கையில் கரண்டியைக் கொடுத்தார். "சீமையில எல்லாரும் இப்படித்தான் பழகினாங்க. ஒரு கை போனா மத்தக் கை."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் மறுபடி எடுத்துத் தந்தார். மறுபடி வைத்தேன். அவர் முகம் சிவந்தது. நான் அடம்பிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கோ அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. துணியைப் பற்றியென்றால் மூன்று பாஷையில் பேசுவேன்.

வாங்கின் கோடியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார்: "உவர் அந்தக் கையாலை சாப்பிடமாட்டார் மிஸ்ஸி. நானும் மாட்டன்."

"நானுந்தாங்க" என்றாள் ராக்காயி, கிளையைவிட்டுத் திரும்பாமலே. "அது கழுவுற கை."

மிஸ்ஸி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு பாயை விரித்து, கவுணை ஒதுக்கிக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். "அப்ப எனக்குக் காட்டுங்க. எப்படிச் சாப்பிடுறது?"

ஸ்டேஷன் மாஸ்டரின் சோற்றுப் பீங்கானை வாங்கி மிஸ்ஸி தானே கையை வைத்தார். சோறு மடியில் விழுந்தது. மோவாயில் ஒட்டியது. ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள். "ஐயோ மிஸ்ஸி, பெருவிரலைப் பின்னாலை வைச்சுத் தள்ளவேணும், பிள்ளை" என்று பெரியவர் நடுங்கும் விரலால் காட்டிக்கொடுத்தார். ஐந்தாறு தரம் செய்து பார்த்துவிட்டு மிஸ்ஸி சொன்னார்: "இதில ஆறு வேலை இருக்கு. கூட்டுறது, பிசையிறது, அமத்துறது, தூக்குறது, திருப்புறது, தள்ளுறது. நான் இதை ஒரு வேலைண்டு நினைச்சிட்டேன்."

அப்போதுதான் நான் சஹனைப் பற்றிச் சொன்னேன். நிக்காஹ், ஹாஜியார், கோழி, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே குறிப்பெழுதினார். "இதை ஏன் முதல்நாளே சொல்லல்ல? நான் உங்களைக் கடை திறக்க வைக்கப் பாத்தேனே."

மறுநாளிலிருந்து பிரம்பு இல்லை. ஈர மணல் நிறைந்த சட்டிக்குள் கையை விடச் சொன்னார். மணலுக்குள் விரல் இருப்பது எனக்கே தெரியாது. ஒரு நாள் ஏதோ ஊர்ந்தது. நண்டு என்று நினைத்துக் கையை எடுத்தேன். என் சுண்டுவிரல்தான். நான் அழுதுவிட்டேன் என்று ராக்காயி ஊர் முழுக்கச் சொன்னாள்; அது உண்மைதான். மணலுக்குப் பிறகு களிமண் உருண்டை. களிமண்ணுக்குப் பிறகு ஆறிய சோறு, வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடி பிடிப்பது மட்டும். கோழி பிய்க்கப் பழக அவித்த இளம் பலாக்காய். இரண்டு விரலால் அமத்தி மற்ற விரல்களால் நாரை இழுக்க வேண்டும். நான் பிய்த்த பலாக்காயைக் கறியாக்கினால் அந்த வாட்டு முழுவதும் சாப்பிட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பெருவிரல் மட்டும் தள்ள மறுத்தது. காரணத்தை மிஸ்ஸிதான் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு எங்களுக்கு ஆகாது என்று சுபைதா மூன்று வேளையும் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். வராந்தாவில் நான் காலையெல்லாம் படுகிற பாட்டை, கட்டிலில் அவள் பத்து நிமிஷத்தில் ஊட்டி முடித்துவிடுவாள். நானும் வாயைத் திறப்பேன். அவள் கை ருசி அப்படி. மூன்று வேளையும் வயிற்றுக்கு வராத பசி பெருவிரலுக்கு எப்படி வரும்?

மிஸ்ஸி வந்து கட்டில் அருகே நின்றார். "நீங்க ஊட்டினா அவர் கை படுத்திரும்."

"நான் ஊட்டாட்டி அவங்க படுத்திருவாங்க" என்றாள் சுபைதா. "மிஸ்ஸிக்குப் புருஷன் ஈக்கிறாரா?"

"இல்ல."

"அதுதான்."

மிஸ்ஸி கோபிக்கவில்லை. போனவர், ஒரு கட்டுப் பிரம்போடு திரும்பி வந்து சுபைதாவின் மடியில் வைத்தார். "அவர் சாப்பிடுற நேரம் நீங்க இதைப் பின்னுங்க. ரெண்டு கையாலயும்."

"எனக்கு என்ன வருத்தம்? நோயாளி அவங்கதானே."

"உங்க கைக்குச் சும்மா இருக்கத் தெரியாத வருத்தம்."

அன்று மத்தியானம் சோற்றில் பாதி போர்வைக்கும் தலையணைக்கும் போயிற்று. சுபைதா தலையைத் தூக்காமல் பின்னினாள். கூடை மூன்றே நாளில் முடிந்தது; அவ்வளவு வேகம், அவ்வளவு ஆத்திரம். முடிந்ததும் அடுத்தது தொடங்கினாள். நான் ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் சாப்பிட்டேன்; அவள் பங்குச் சோறு அதற்குள் ஆறிப்போகும். நேர்ஸ்மார் தலையணை உறை மாற்றி மாற்றி அலுத்துப்போனார்கள். ராக்காயி இதற்குள் முழுப் பேர் வாங்கி மலைக்குப் போய்விட்டாள். போகும்போது, "நானா, கல்யாணச் சோத்துல எனக்கும் ஒரு பிடி எடுத்து வைங்க, சிந்தாம" என்றாள்.

பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹாஜியார் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. கையில் ஒரு பெரிய டிபன்கெரியர், கக்கத்தில் பித்தளைத் தாம்பாளம். என் கையை இரண்டு கையாலும் பிடித்து விசாரித்தார். பிறகு தாடியைத் தடவினார்.

"மச்சான், மனசுல உள்ளதை நான் நேரடியாச் செல்லுறேன். நிக்காஹை ஒரு வருஷம் தள்ளிவெப்பம். நீங்க இந்த நிலைமையில சபையில உக்காந்து கஷ்டப்படுறதை என்னால பாக்க ஏலாது. பிள்ளைங்க பொறுக்கும்."

அவர் இரக்கத்தில்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு வருஷத்துக்குள் என் மூளையில் இன்னொரு மயிர் அடைபட்டால்? நஸீரா வீட்டில் தைத்து வைத்திருந்த சட்டைகள் கண்முன் வந்தன.

"அதைப் பொறகு பேசுவம். முதல்ல சாப்பிடுவம்" என்றேன்.

பாயை விரித்தார்கள். நெய்ச்சோறும் ஒரு முழுக் கோழியும் தாம்பாளத்தில் இறங்கின. இரண்டே பேர், ஆனாலும் சஹன் சஹன்தான். சுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலுக்கு அந்தப்பக்கம், தரையில், பிரம்போடு உட்கார்ந்தாள்.

பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். முதல் பிடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது பிடி மோவாய்வரை போய் விழுந்தது. ஹாஜியாரின் கண் நிறைந்தது. தன் கையால் ஒரு பிடி உருட்டி, "வாயைத் திறங்க மச்சான், வெக்கப்பட என்ன ஈக்கிது" என்று நீட்டினார். நல்ல பெரிய பிடி. நெய் மணந்தது. என் வாய், பழக்கத்தில், திறக்கப் பார்த்தது.

"விடுங்க நானா" என்றாள் சுபைதா ஹாஜியாரிடம். சம்பந்தியின் முன்னால் அவள் குரல் எழுப்பியதே இல்லை. "அவங்க தின்னுவாங்க. நேரம் போவும், அவ்வளவுதான்."

ஹாஜியாரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லத் தன் வாய்க்கே திரும்பிப் போயிற்று.

நான் மூன்றாவது பிடியைக் கூட்டினேன். பிசைந்தேன். அமத்தினேன். தூக்கினேன். திருப்பினேன். சன்னலுக்கு வெளியே மழை நின்று மலை முழுவதும் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பெருவிரல் எங்கோ தூரத்திலிருந்து, குளக்கரையெல்லாம் சுற்றிவிட்டு, ஆற அமர வந்து சேர்ந்து தள்ளியது. சோறு உள்ளே போயிற்று. உப்புச் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு கோழி. இரண்டு விரலால் அமத்தினேன். தொடை பிரிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. ஹாஜியார் தாம்பாளத்தில் கையை வைக்காமல் காத்திருந்தார். பிய்த்த துண்டை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் அதை எடுத்து, மென்று, விழுங்கினார்.

"பெருநாள் கழிஞ்சு ரெண்டாம் வெள்ளி" என்றார். "தாம்பாளம் நான் கொண்டாறேன், இதையே."

நான் தலையைத் திருப்பிச் சுபைதாவைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. பின்னிக்கொண்டிருந்த கூடையைத் தரையில் வைத்தாள். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினாள். மிச்சம் இருந்த டிபன்கெரியர்த் தட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த ஆஸ்பத்திரியில், சோறு சூடாக இருக்கும்போதே, சாப்பிடத் தொடங்கினாள்.